கையெழுத்து வாங்கிப் போனார்கள், அறிக்கை எங்கே?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் கானை அகலமாக்கப் போவதாகச் சொல்லி எங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். இப்போது வேலை பாதியில் நிற்கிறது. கேட்டால் "கண்காணிப்பு நடக்கிறது" என்கிறார்கள். பணம் கொடுத்தால் வேலையின் முன்னேற்ற அறிக்கையை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர் விற்க வருவது உங்களுக்கே சேர வேண்டிய தாள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி நீங்களே கேட்கலாம். போட்டோகொப்பிக்கான சிறு கட்டணம்தான் செலவு.

ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதிக் கருத்திட்டமென்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு விபரம் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்கிறது அதன் 9ஆம் பிரிவு. வேலை நடக்கும் காலம் முழுவதும் எழுத்தில் கேட்டால் புதிய விபரம் தரவும் வேண்டும். மாநகர சபையின் சொந்த வேலை என்றால் சபையின் தகவல் அலுவலரிடம் எழுதுங்கள்.

"முன்னேற்ற அறிக்கை தாருங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். அழகான வர்ணப் படம் ஒன்று வரும். ஒப்பந்தப்படி முடிய வேண்டிய திகதி, இதுவரை கொடுத்த பணம், முடிந்த வேலையின் அளவு, உங்கள் கூட்டத்தின் அறிக்கை, நீங்கள் கையெழுத்திட்ட தாளின் பிரதி என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அந்தத் தாளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, ஒப்பம் என்று நான்கு நிரல் இருக்கும். மேலே தலைப்பு வெறுமையாக இருக்கும். பிறகு அங்கே "சம்மதம் தெரிவித்தோர்" என்று ஏறிவிட்டால், திட்டம் எப்படி நடந்தது என்று பார்க்கும் மதிப்பீட்டில் நீங்கள் "பங்கேற்ற தரப்பினர்", கணக்கு முடிந்தது. அடுத்த முறை தலைப்பில்லாத தாளில் ஒப்பமிடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் "வரவு மட்டும்" என்று எழுதி, கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இப்படி அரச திட்டங்களை மதிப்பிடுவதற்கான தேசிய மதிப்பீட்டுக் கொள்கைக்கு 2018இல் அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. அதே ஆண்டு பல நாட்டு எம்பிமார் இங்கே கூடி, மதிப்பீட்டை வலியுறுத்திக் கொழும்புப் பிரகடனமும் செய்தார்கள். நல்லது. உங்கள் ஒழுங்கைக்கு வந்ததோ அந்த வெறும் தலைப்புத் தாள்தான்.

"சங்கமெல்லாம் கேட்க முடியாது, பிரஜைக்குத்தான் உரிமை" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அது பிழை. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகள் என்றால், பதிவு செய்யாத அமைப்பும் சட்டத்தின் கண்ணில் பிரஜைதான். ஆகவே ஒழுங்கையின் நலன்புரிச் சங்கம் தன் பெயரிலேயே கேட்கலாம். உறுப்பினர் பட்டியலை இணைத்துவிட்டால் வாதம் குறையும். தனியாகப் பெயர் கொடுக்கப் பயப்படுகிறவர்களுக்கு இதுதான் வழி.

தமிழிலேயே எழுதுங்கள். கிடைத்ததற்கான எழுத்துச் சான்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால், அடுத்த 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அங்கேயும் இழுத்தால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போங்கள். "நாளைக்கு வாங்க" என்ற பேச்சில் இந்தத் தவணைகளைத் தவறவிடாதீர்கள்.