கவிழ்ந்த ரிமோட் படகு: கேள்வி பதில்

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: கவிழ்ந்த படகை எடுக்க யாரும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

தேவனாம்பட்டினம்: கவிழ்ந்தால் தானே நிமிரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. எப்படி நிமிரும்?

படகின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் இடப்பக்கம், நீளவாக்கில் ஒரு காலி அறை இருக்கும். அதில் தண்ணீர் போய்வரத் துளை உண்டு. படகு குப்புற விழுந்ததும் அறையில் தண்ணீர் ஏறும். அந்தப் பக்கம் கனத்துக் கீழே போக, காற்று நிறைந்த மறுபக்கம் மேலெழும்பி, படகு புரண்டுவிடும். சில விநாடி பொறுக்க வேண்டும். நிமிர்ந்து ஓட ஆரம்பித்தால் அறைத் தண்ணீர் பின்துளை வழியாக வடிந்துவிடும். பேட்டரி உள்ளே நகர்ந்தால் எடைக் கணக்கெல்லாம் தப்பும். வெல்க்ரோ பட்டை போட்டு இறுக்குங்கள். குப்புறக் கிடக்கும்போது வேகத்தை அழுத்திப் பிடிக்காதீர்கள். மோட்டாரைக் குளிரவைக்கும் தண்ணீர் படகின் அடியிலிருந்து வருகிறது. அடிப்பாகம் வானம் பார்த்துக் கிடந்தால் தண்ணீர் ஏது?

நெல்லிக்குப்பம்: முன்பு நிமிர்ந்த படகு இப்போது நிமிர்வதில்லை. பின்னால் ஒரு ஓட்டை ஒழுகியதால் எம்சீல் வைத்து அடைத்தேன், அவ்வளவுதான்.

நீங்கள் அடைத்தது அந்தக் காலி அறையின் பின்துளை. எம்சீலைப் பெயர்த்து எடுங்கள்.

முத்தியால்பேட்டை: கவிழ்ந்தால் ரிமோட்டே வேலை செய்வதில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, உப்புத் தண்ணீரில் கேட்கவே வேண்டாம். ஆன்டெனா முங்கிவிட்டது.

பாகூர்: ஏரி நடுவில் கவிழ்ந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர்தான், இறங்கலாமா?

கூடாது. சேற்றில் கால் புதையும், ஆகாயத்தாமரை சுற்றும். டென்னிஸ் பந்தில் துளையிட்டுத் தூண்டில் நரம்பைக் கட்டுங்கள். படகுக்கு அப்பால் விழும்படி எறிந்து மெதுவாக இழுங்கள். நரம்பு படகின் மேல் படிந்து, பந்து வந்து மாட்டிக்கொள்ளும். உப்பனாற்றில் ஒருநாள் எனக்கு ஏழாவது எறிதலில்தான் மாட்டியது. அதற்குள் வற்றத்து நீரோட்டம் படகைப் பாதி தூரம் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோயிருந்தது. உப்புத் தண்ணீர் பட்ட படகை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, பேரிங்குக்கு எண்ணெய் விடுங்கள்.

ஊசுட்டேரி: இங்கே ஓட்டலாமா?

அது பறவைகள் சரணாலயம். வனத்துறையிடம் கேளுங்கள்.

அரியாங்குப்பம்: என்னுடையது கேட்டமரான். அது ஏன் நிமிர்வதில்லை? நம் கட்டுமரம் கவிழ்ந்தாலும் மீனவர்கள் புரட்டிப்போட்டு ஏறிவிடுகிறார்களே?

பெயர் நம்முடையது, படகு நம்முடையது அல்ல. கட்டுமரம் என்பது லேசான மரங்களைக் கயிற்றால் கட்டியது. உள்ளே குழிவு இல்லை, தண்ணீர் தங்க இடமில்லை, அதனால் முழுகாது. வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை இரண்டு உடல் கொண்ட படகுக்கு வைத்துவிட்டார்கள். அகலமாக இரண்டு கால் ஊன்றி நிற்கும் அந்தப் படகு நிமிர்ந்து எவ்வளவு உறுதியோ, குப்புறக் கிடந்தும் அவ்வளவு உறுதி.

அரியாங்குப்பம்: ஐயா, அப்போது கட்டுமரமும் தானாக நிமிராது என்கிறீர்களா?

நிமிராது. ஆள் புரட்ட வேண்டும். நீங்கள்தானே முதலில் அப்படிச் சொன்னீர்கள்?

திருப்பாதிரிப்புலியூர்: கவிழ்ந்தால் எப்படி நிமிரும்?

மேலே முதல் பதில்.

வில்லியனூர்: எனக்கு நீச்சல் தெரியும், இறங்கி எடுக்கலாம்தானே?

மேலே, முதல் பதிலுக்கும் மேலே.

அரியாங்குப்பம்: சரி, கட்டுமரத்துக்கே மோட்டார் வைத்தால்?

இதை முதலில் கேட்டிருக்கலாம்! கவிழ்ந்தாலும் முழுகாது. ஆனால் மோட்டாரையும் பேட்டரியையும் எங்கே ஒளிப்பீர்கள்? உள்ளறையே கிடையாதே. மேலே டப்பா கட்டினால் தலைகனம் கூடி முதல் அலையிலேயே கவிழும். செய்து பாருங்கள், நானும் வருகிறேன். நரம்பும் பந்தும் என் செலவு.