காப்பி, பேஸ்ட்: மெசேஜ்களை நகலெடுப்பது பற்றிய கேள்வி பதில்

ஃபோனிலும் கணினியிலும் மெசேஜ்களைக் காப்பி செய்வதில் வரும் சிக்கல்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஸ்மார்ட்ஃபோன் எனக்குப் புதிது. வந்த மெசேஜில் ஒரு வரியை மட்டும் எடுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் மெசேஜ் முழுவதும் செலக்ட் ஆகிவிடுகிறது.

பதில்: பெரும்பாலான மெசேஜ் ஆப்களில் அப்படித்தான் ஆகும். முழுதாகவே காப்பி செய்துகொள்ளுங்கள். நோட்ஸ் ஆப்பைத் திறந்து, காலி இடத்தில் அழுத்திப் பிடித்து, பேஸ்ட் கொடுங்கள். அங்கே ஒரு சொல்லை இரண்டு முறை தட்டினால் அந்தச் சொல் மட்டும் செலக்ட் ஆகும். இரு பக்கமும் தெரியும் கைப்பிடிகளை இழுத்து வேண்டிய வரி வரை நீட்டி, மறுபடி காப்பி செய்யுங்கள். அனுப்ப வேண்டியவரின் பெட்டியிலேயே பேஸ்ட் செய்து மிச்சத்தை அழிக்கவும் செய்யலாம். ஆனால் கை தவறி அனுப்பும் பொத்தானில் பட்டால் முழுதும் போய்விடும்.

கேள்வி: காலையில் காப்பி செய்த முகவரியை மாலையில் பேஸ்ட் செய்தால் வேறு எதுவோ வந்து விழுகிறது. முகவரி எங்கே போனது?

பதில்: காப்பி செய்வது கிளிப்போர்டு என்ற தற்காலிக இடத்துக்குப் போகிறது. அதில் ஒன்றுக்குத்தான் இடம். அடுத்ததைக் காப்பி செய்த நொடியிலேயே முந்தையது போய்விடும், எச்சரிக்கை எதுவும் வராது. நடுவில் ஏதாவது ஒரு லிங்க்கைக் காப்பி செய்திருப்பீர்கள்.

பழையதையும் வைத்துக்கொள்ள வழி உண்டு. விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் வி-யையும் சேர்த்து அழுத்துங்கள். முதல் முறை 'ஆன் செய்யவா' என்று கேட்கும். அதன் பிறகு கடைசி 25 நகல்கள் வரை பட்டியலாகக் கிடைக்கும். 2018 முதல் இருக்கும் வசதி இது, ஆனாலும் தினமும் கணினியில் வேலை செய்பவர்களில் பலருக்கே தெரியாது. கணினியை அணைத்துப் போட்டால் பட்டியல் காலியாகும். 'பின்' (pin) கொடுத்து நிலையாக வைத்தவை மட்டும் தங்கும்.

ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு கீபோர்டின் மேல்வரிசையில் கிளிப்போர்டு படம் இருக்கும். அதை ஆன் செய்தால், காப்பி செய்தவை ஒரு மணி நேரம் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அங்கேயும் 'பின்' கொடுக்க வேண்டும். மேக்கில் இந்தப் பட்டியல் 2025-இல் வந்த டாஹோ பதிப்பில்தான் சேர்ந்தது. ஐஃபோனில் இது உள்ளமைந்து வருவதில்லை. எதில் வேலை செய்தாலும், மாலையில் தேவைப்படும் விஷயத்தைக் கிளிப்போர்டை நம்பி விடாதீர்கள். நோட்ஸில் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: நான் காப்பி செய்யும் ஓடிபி, பாஸ்வேர்டை மற்ற ஆப்கள் படிக்க முடியுமா?

பதில்: ஒரு காலத்தில் தாராளமாகப் படித்தன. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, பின்னணியில் ஓடும் ஆப்களுக்கு அந்தக் கதவை மூடியது. இப்போது திரையில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஆப்பும், உங்கள் கீபோர்டும்தான் படிக்க முடியும். ஆண்ட்ராய்டு 12 முதல், ஓர் ஆப் இன்னொன்றில் காப்பி செய்ததை எடுத்தால் கீழே சின்ன அறிவிப்பு வரும். ஆண்ட்ராய்டு 13 சிறிது நேரத்தில் கிளிப்போர்டைத் தானாகவே துடைத்துவிடும். ஐஃபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 அறிவிப்பு காட்டத் தொடங்கியது. ஐஓஎஸ் 16-லிருந்து, நீங்களே பேஸ்ட் கொடுக்காமல் ஓர் ஆப் எடுக்கப் பார்த்தால் அனுமதி கேட்கும்.

கீபோர்டு என்று சொன்னதைக் கவனியுங்கள். அழகான எழுத்துரு, நடனமாடும் ஸ்டிக்கர் என்று ஊர் பேர் தெரியாத கீபோர்டு ஆப்பைப் போட்டிருந்தால், நீங்கள் தட்டுவதும் காப்பி செய்வதும் அதன் வழியாகத்தான் போகின்றன. ஓடிபியைப் பொறுத்தவரை காப்பி செய்யவே தேவையில்லை. கீபோர்டின் மேல் தானாக வரும் எண்ணைத் தட்டினால் போதும்.

கேள்வி: இணையப் பக்கத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ எடுத்து வேர்டில் ஒட்டினால் நிறம், பின்னணி, பெரிய எழுத்து எல்லாம் கூடவே வருகிறது. கடுப்பாக இருக்கிறது சார்.

பதில்: காப்பி செய்யும்போது கிளிப்போர்டில் ஒரே விஷயம் பல வடிவங்களில் பதிவாகிறது: வெறும் எழுத்தாக ஒன்று, அலங்காரத்தோடு ஒன்று. ஒட்டப்படும் இடம் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். வேர்டுக்கு அலங்காரம்தான் பிடிக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். குரோம், கூகுள் டாக்ஸ், புதிய வேர்டு எல்லாவற்றிலும் வேலை செய்யும். மேக்கில் பல ஆப்களில் கமாண்ட், ஆப்ஷன், ஷிஃப்ட், வி. இந்தப் பொத்தான்களை விரல்களுக்குப் பழக்கிவிட்டால் சாதாரண பேஸ்ட் பக்கமே போக மாட்டீர்கள். எந்தக் குறுக்குவழியும் நினைவில் இல்லையா, நோட்பேடில் ஒட்டி அங்கிருந்து மறுபடி எடுங்கள்.

கேள்வி: வேர்டில் அடித்து வைத்த அறிவிப்பைச் சாதாரண எஸ்எம்எஸ்ஸாக எல்லோருக்கும் அனுப்பினேன். ஆங்கிலத்தில் 150 எழுத்துதான், ஒரு மெசேஜ் கணக்கு. ஆனால் மூன்றாகக் கழித்திருக்கிறார்கள். ஏன்?

பதில்: உங்கள் அறிவிப்பில் மேற்கோள் குறியோ நீளக் கோடோ இருக்கிறதா பாருங்கள். நீங்கள் நேராகத் தட்டும் மேற்கோளை வேர்டு தானாகவே வளைத்துவிடும். வில்லங்கம் அங்கேதான்.

எஸ்எம்எஸ்ஸின் அடிப்படை எழுத்துப் பட்டியலுக்குள் எல்லா எழுத்தும் அடங்கினால் ஒரு மெசேஜுக்கு 160 கிடைக்கும். பட்டியலில் இல்லாத ஒரே ஓர் எழுத்து நுழைந்தாலும் மெசேஜ் முழுவதும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யூனிகோடு முறைக்கு மாறி, கணக்கு 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் துண்டுகளாகப் பிரிய வேண்டும். துண்டுகளை ஒட்டுவதற்கான தகவலும் இடம் பிடிப்பதால், துண்டுக்கு 67தான். 150 எழுத்து என்றால் மூன்று துண்டு, சரியாகத்தான் கழித்திருக்கிறார்கள். அந்த வளைந்த குறியை நேரான குறியாக மாற்றினால் மறுபடி ஒன்றாகிவிடும்.

தமிழில் அனுப்பினால் எப்போதுமே 70 கணக்குதான். அதிலும் நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. புள்ளியைத் தனியாக எண்ணுவதால் கணினிக்கு ஏழு. பெரும்பாலான எமோஜி ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு இடம் எடுக்கும். வாட்ஸ்அப், டெலிகிராமுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

கேள்வி: பழைய ஃபைலில் தமிழில் இருக்கும் கடிதத்தைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. ஃபோனில் தமிழ் எழுத்துரு இல்லையா?

பதில்: ஃபோனில் குறையில்லை. அந்தக் கடிதம் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அதில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிக் காட்டுகிறது. மெசேஜில் ஒட்டும்போது எழுத்துரு கூட வராது, அதனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பாமினிக்கான மாற்றியில், டேம் (TAM) என்ற வேறொரு பழைய எழுத்துரு வகையில் அடித்த கடிதத்தைப் போட்டால் குப்பைதான் வரும். மாற்றியபின் கொ, கோ, ணை, ஸ்ரீ வரும் சொற்களை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள், சறுக்குவது பெரும்பாலும் அவற்றில்தான்.

கேள்வி: அதன் தொடர்ச்சி. மாற்றிய கடிதத்தில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது!

பதில்: பெயரில் கௌ, சௌ போல ஏதாவது வருகிறதா? 'கௌ' என்பதைப் பலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்து உருவாக்குகிறார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. கால் குறிக்குப் பதிலாக 'ர' அடித்திருப்பதும் உண்டு. 'கொ'வையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். நல்ல தேடல் கருவி இந்தக் கடைசி வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. முதல் இரண்டும் எழுத்துப் பிழைகள். கையால்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: ஃபோனில் வந்த மெசேஜைக் கணினியில் ஒட்ட, எனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறேன். வேறு வழி?

பதில்: ஐஃபோனும் மேக்கும் வைத்திருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். 2016-லிருந்து, ஃபோனில் காப்பி செய்ததை மேக்கில் அப்படியே பேஸ்ட் செய்யலாம். இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும், ப்ளூடூத், வைஃபை, செட்டிங்ஸில் இருக்கும் ஹேண்ட்ஆஃப் என்ற வசதி மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் வெப் போதும். எஸ்எம்எஸ் என்றால் கூகுள் மெசேஜஸையும் அதே போலக் கணினி பிரவுசரோடு இணைக்கலாம். பொதுக் கணினியில் இதையெல்லாம் செய்ய வேண்டாம். செய்தே ஆக வேண்டுமென்றால் வெளியேறிவிட்டு, கடைசியில் வேறு ஏதாவது ஒரு சொல்லைக் காப்பி செய்துவிட்டு எழுந்திருங்கள்.

கேள்வி: அக்காவுக்கு ஒருவர் மிரட்டல் மெசேஜ் அனுப்புகிறார். எல்லாவற்றையும் காப்பி செய்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறோம். புகார் கொடுக்க அது போதுமா?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மெசேஜைக் காப்பி செய்தால் எழுத்து மட்டும் வருகிறது. யார், எப்போது அனுப்பினார் என்பது வராது. வாட்ஸ்அப்பில் பல மெசேஜ்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தால் தேதி, நேரம், பெயர் முன்னால் வரும். ஆனால் அதையும் யார் வேண்டுமானாலும் ஃபைலில் திருத்தலாம் என்பதால் எதிராளி எளிதாக மறுப்பார்.

மூல மெசேஜ்களை அழிக்காமல் ஃபோனிலேயே வையுங்கள், முதல் வேலை அதுதான். அந்த எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து முழு உரையாடலையும் உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். இதையெல்லாம் முடித்த பிறகு பிளாக் செய்யுங்கள். ஃபோனை மாற்றவோ ரீசெட் செய்யவோ இப்போது வேண்டாம்.

கேள்வி: ஃபார்வர்டு செய்வதும் காப்பி செய்து ஒட்டுவதும் ஒன்றுதானே?

பதில்: படிப்பவருக்கு ஒன்றல்ல. ஃபார்வர்டு செய்தால் வாட்ஸ்அப் அதன் மேல் அடையாளம் போடும். பல கை மாறியது என்றால் இரட்டை அம்புக்குறி வரும், 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். காப்பி செய்து ஒட்டினால் அந்த அடையாளம் உதிர்ந்து, நீங்களே எழுதியது போல் ஆகிவிடும். வதந்தி பரப்புகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 'எனக்குத் தெரிந்த டாக்டர் சொன்னார்' என்று அடையாளம் இல்லாமல் வரும் நீண்ட மெசேஜின் நடுவிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கூகுளில் ஒட்டிப் பாருங்கள். அதே டாக்டர் பல பேருக்குத் தெரிந்தவராக இருப்பார்.

கேள்வி: ஓர் இணையதளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் பொத்தானோடு ஆர், பிறகு கண்ட்ரோல் வி, பிறகு என்டர் அழுத்துங்கள்' என்றது. செய்யலாமா?

பதில்: கூடாது. பக்கத்தை உடனே மூடுங்கள். நீங்கள் அங்கே கிளிக் செய்தபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. விண்டோஸ், ஆர் என்பது கட்டளை ஓட்டும் பெட்டி. நீங்களே ஒட்டி, நீங்களே என்டர் தட்டி, வைரஸை உள்ளே விடுகிறீர்கள். உண்மையான ரோபோ சோதனை எதுவும் இப்படிக் கேட்காது. ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் இணையத்தைத் துண்டித்து, வைரஸ் ஸ்கேன் போட்டு, பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

கேள்வி: மெசேஜில் வந்த கணக்கு எண்ணை ஒட்டினால் 'தவறு' என்கிறது. தட்டினால் ஏற்கிறது.

பதில்: கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கர்சரைக் கடைசிக்கு நகர்த்தி ஒரு முறை அழித்துப் பாருங்கள். சில தளங்கள் பேஸ்ட் செய்வதையே தடுக்கின்றன, அது வேறு கதை. பாஸ்வேர்டு பெட்டியில் அப்படித் தடுப்பது வீண் வேலை. பேஸ்ட்டை அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே பரிந்துரைத்துவிட்டது.

கேள்வி: இதையெல்லாம் கண்டுபிடித்தது யார்?

பதில்: 1970-களின் நடுவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் சேர்ந்து செய்தது. ஆப்பிளின் லிசா, மேக் கணினிகள் வழியாக 1980-களில் அது பரவியது. 2007-இல் வந்த முதல் ஐஃபோனில் காப்பி பேஸ்ட்டே கிடையாது என்றால் இன்று நம்ப மாட்டார்கள். 2009 வரை காத்திருந்தார்கள்.

கேள்வி: அவசரம் சார்! வேறொருவருக்கு எழுதியதை அலுவலகக் குழுவில் ஒட்டி அனுப்பிவிட்டேன்.

பதில்: வாட்ஸ்அப் என்றால் மெசேஜை அழுத்திப் பிடித்து, 'எல்லோருக்கும் நீக்கு' கொடுங்கள். இரண்டு நாள் வரை நேரம் இருக்கிறது. 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதைத் தவறியும் தொடாதீர்கள். உங்கள் திரையில் மட்டும் மறைந்து, மற்றவர்களிடம் அப்படியே இருக்கும். பதறித் தொட்டுவிட்டால் 'மீட்டெடு' என்று சில நொடிகள் கீழே தெரியும், அதை உடனே தட்டுங்கள். 15 நிமிடத்துக்குள் என்றால் எடிட் செய்தும் மாற்றலாம், 'திருத்தப்பட்டது' என்று பக்கத்தில் காட்டும். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் போயிருந்தால் திரும்பப் பெற வழியில்லை, ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.