வீட்டுக் கான்கிரீட்டில் சிமெண்டைக் குறைத்துச் சாம்பல் கலக்கலாமா?

சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அனல்மின் நிலையச் சாம்பலைக் கலக்கலாம் என்று உங்கள் கான்ட்ராக்டர் சொல்கிறார். இது கலப்படம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கலப்படம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு வாசலில் வைத்துக் கலப்பதாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ப்ளை ஆஷ் என்கிற இந்தச் சாம்பல் தினமும் என் கையில் புழங்கும் பொருள்.

சிமெண்டில் தண்ணீர் சேரும்போது ஜல்லியையும் மணலையும் பிடிக்கிற பசை உண்டாகிறது. கூடவே சுண்ணாம்பும் வருகிறது. அந்தச் சுண்ணாம்பால் பெரிய பலம் எதுவும் கிடையாது. தண்ணீர் கசியும் தளத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, பெரும்பாலும் அதன் வேலைதான். சாம்பலில் உள்ள சிலிக்கா இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து அதையும் பசையாக மாற்றிவிடுகிறது. உள்ளே இருக்கும் நுண்துளைகள் அடைபடுகின்றன, தண்ணீர் இறங்குவது குறைகிறது. நல்ல சாம்பலை விரலில் தேய்த்துப் பாருங்கள், முகப்பவுடர் போல வழுக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் உருண்டை உருண்டையான துகள்கள். கலவை இளகி ஓடுவதற்கு அந்த உருண்டைகள்தான் காரணம்.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. அமெரிக்காவில் 1953இல் கட்டி முடித்த ஹங்ரி ஹார்ஸ் அணையிலேயே சாம்பலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) மூட்டையைத் திருப்பிப் பாருங்கள், 'ப்ளை ஆஷ் பேஸ்டு' என்று அச்சிட்டிருக்கும். ஐஎஸ் 1489 என்ற இந்தியத் தரப்படி அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம்.

சிக்கலே இங்கேதான். உங்கள் கான்ட்ராக்டர் வாங்குவது பிபிசியா, சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்டான ஓபிசியா (OPC) என்று முதலில் கேளுங்கள். 30 சதவீதம் சாம்பல் உள்ள பிபிசியில் இன்னும் 20 சதவீதத்தைக் குறைத்துச் சாம்பலைப் போட்டால், மொத்தத்தில் சாம்பல் 44 சதவீதம் ஆகிவிடும். அந்த அளவுக்குத் எது எவ்வளவு என்று தனியாக மிக்ஸ் டிசைன் செய்து, கியூப் எனும் சோதனைக் கட்டிகளைப் போட்டு உடைத்துப் பலம் பார்க்காமல் ஒரு தூணைக்கூட நிறுத்தக் கூடாது.

சரி, ஓபிசிதான் வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்வோம். சைட்டில் எதை வைத்து அளப்பார்கள்? சட்டியை வைத்துத்தான். சாம்பல் சிமெண்டைவிட எடை குறைவு, ஒரு சட்டி சிமெண்டுக்கு ஒரு சட்டி சாம்பல் ஈடாகாது. சின்ன மிக்சரில் அது சீராகப் பரவுவதும் கஷ்டம். வரும் சாம்பல் எது என்பது அதைவிட முக்கியம். ஆலைக்கு வருவது புகைபோக்கிக்குப் போகும் வழியில் வடிகட்டிப் பிடித்த உலர்ந்த தூள். சாம்பல் குளத்திலிருந்து வாரிய ஈரச் சாம்பல் பருமனானது, வேறு சரக்கு. எரியாத கரி அதிகம் இருந்தால் கலவையை இளக்க நாம் ஊற்றும் அட்மிக்சர் என்ற ரசாயனத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கூடத்தில் சாம்பலைச் சூளையில் மறுபடி சுட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத்தான் லாரியை உள்ளே விடுவோம். வீட்டு வாசலில் இதை யார் பார்ப்பார்கள்?

மார்பிள் தூள், கிரானைட் தூள் என்றும் சிலர் கொண்டுவருவார்கள். அவை இடைவெளியை நிரப்பும், அவ்வளவுதான். சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகாது. சிமெண்டுக்குப் பதில் என்று அவற்றை நினைக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும் சாம்பல் சேர்ந்த சிமெண்டைத்தான் நான் சிபாரிசு செய்வேன், மனதாரவே. சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கரை ஒரு டன் சுட்டெடுத்தால் முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு மேலே போகிறது. இன்னொரு பக்கம் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேறாகப் படிந்து, மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. அங்கே போய்ச் சேர வேண்டிய தூள் உங்கள் வீட்டுத் தளத்துக்குள் பலமாக மாறுவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தரும் விஷயம்.

அதனால் சிமெண்ட் ஆலையிலேயே சாம்பல் கலந்து வரும் பிபிசியை வாங்குங்கள், மேலே எதையும் சேர்க்க விடாதீர்கள். அப்புறம் தண்ணீர். சாம்பலின் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஏழாம் நாள் கியூப் உடைத்தால் ஓபிசியைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும், பிறகு பிடித்துக்கொள்ளும். ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் க்யூரிங், அதாவது ஈரம் காயாமல் வைப்பது, என்றால் இதற்கு 10 நாள், வெயிலும் வறட்சியுமான காலத்தில் 14 நாள் என்கிறது ஐஎஸ் 456. சென்ட்ரிங் பிரிக்கவும் அவசரப்படக் கூடாது. தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடுவார்கள், தூண்களைத்தான் மறந்துவிடுவார்கள். ஈரச் சாக்கைச் சுற்றிவிடச் சொல்லி, காய்ந்திருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள்.

மனை கடலோரத்தில் இருக்கிறதா, அஸ்திவாரக் குழியில் ஊறும் தண்ணீர் உப்பா என்று எழுதுங்கள். அப்படியானால் இரும்பு உலைக் கசடை அரைத்துச் சேர்த்த ஸ்லாக் சிமெண்டைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதை அது நன்றாகவே தடுக்கும்.