தேங்காய்ப் புண்ணாக்கை நிறுத்தலாமா? பதில் தவிட்டில் இருக்கிறது

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 12 கறவை மாடு வைத்திருக்கிறேன். அடர் தீவனம் நானே கலக்கிறேன், ஒரு நாளைக்கு 48 கிலோ ஆகும். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 30, தேங்காய்ப் புண்ணாக்கு 22, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 20, மீதி 3 கிலோ தாது உப்பும் சாதா உப்பும். கிலோ விலை இதே வரிசையில் 26, 34, 48, 25 ரூபாய். தேங்காய்ப் புண்ணாக்கு விலை ஏறிப்போச்சு, நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம், கொஞ்சம் குறைத்தால் போதும். ஆனால் இந்தப் பதில் உங்கள் மாடுகள் எவ்வளவு தவிடு தின்னும் என்பதைப் பொறுத்தது, அதனால் கணக்கையே சொல்லிவிடுகிறேன், விலை மாறும்போது நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இது லீனியர் புரோகிராமிங் கணக்கு, அதாவது நாம் வைக்கிற நிபந்தனைகளுக்குள் செலவு மிகக் குறைவாக வரும் அளவுகளைக் கண்டுபிடிக்கிற முறை. நான்கு பொருள், நான்கு அளவு தெரியாது, உப்பு 3 கிலோ போக மொத்தம் 97 கிலோ, செலவு குறைய வேண்டும். சத்து அளவுகளைத் தோராயமாக இப்படி எடுத்துக்கொண்டேன்: புரதம் மக்காச்சோளத்தில் 9 சதவீதம், தேங்காய்ப் புண்ணாக்கில் 22, கடலைப் புண்ணாக்கில் 42, தவிட்டில் 14, செரிக்கக்கூடிய மொத்தச் சத்து, அதாவது டி.டி.என்., இதே வரிசையில் 80, 75, 75, 65. கலவை 100 கிலோவில் புரதம் 20 கிலோவுக்கும் டி.டி.என். 70 கிலோவுக்கும் குறையக்கூடாது. உங்கள் இப்போதைய கலவை இரண்டையும் தாண்டி நிற்கிறது, தாது உப்பு நீங்கலாக 3228 ரூபாய் ஆகிறது.

வேறு எந்த நிபந்தனையும் போடாமல் விட்டால் மக்காச்சோளம் 28, கடலைப் புண்ணாக்கு 28, தவிடு 41, தேங்காய்ப் புண்ணாக்கு சுத்தமாக இல்லை, 3097 ரூபாய் என்று வருகிறது. நீங்கள் நினைத்தது சரி என்றுதான் தோன்றும். ஆனால் 100 கிலோவில் 41 கிலோ தவிடு, பொடிப் பொடியாக, உங்கள் மாடுகள் தின்னுமா? 30-க்கு மேல் போனால் தொட்டியில் மிச்சம் வைக்கும் என்று வைத்துக்கொண்டு 'தவிடு 30-க்கு மேல் கூடாது' என்று ஒரு வரி சேர்த்ததும் கணக்கு தலைகீழாகிறது. தேங்காய்ப் புண்ணாக்கு உள்ளே வருகிறது, வருவதோடு நிற்காமல் 53 கிலோ போடு என்கிறது! மழைக்காலத்தில் சீக்கிரம் காறிப்போகிற பொருள், அவ்வளவு யார் வாங்கி வைப்பது?

கணக்குக்கு நாம் சொல்லாதது தெரியாது. இந்த முறையை 1947-ல் உருவாக்கிய ஜார்ஜ் டான்ட்சிக் பிற்பாடு தன் உடம்பு இளைக்க இதே மாதிரி கணக்குப் போட்டபோது, நாளைக்கு 500 காலன் வினிகர் குடி என்று விடை வந்தது. உச்சவரம்பு எழுதாத இடத்தில் எல்லாம் இப்படித்தான் ஆகும், ஆகவே தேங்காய்ப் புண்ணாக்குக்கும் 20 கிலோ என்று ஒரு வரம்பு வைத்தேன். கடைசியில் வந்தது, முழு எண்ணாக்கினால், மக்காச்சோளம் 25, தேங்காய்ப் புண்ணாக்கு 20, கடலைப் புண்ணாக்கு 22, தவிடு 30. புரதம் 20.09, டி.டி.என். 71, செலவு 3136 ரூபாய். இப்போதையதைவிட 92 ரூபாய் குறைவு, 48 கிலோவுக்கு நாளொன்றுக்கு 44 ரூபாய், மாதம் 1300 சொச்சம்.

எக்செல்லில் சால்வர் என்கிற ஆட்-இன்னை, அதாவது கூடுதல் வசதியை, இயக்கிக்கொண்டு 'சிம்ப்ளெக்ஸ் எல்பி' முறையைத் தேர்ந்தெடுங்கள், விடை உடனே வரும். விடையோடு நின்றுவிடாமல் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டையும் கேளுங்கள், எனக்கு விடையைவிட அதுதான் முக்கியம். அதில் ஷேடோ பிரைஸ் என்று ஒரு பத்தி இருக்கும், ஒவ்வொரு நிபந்தனையும் உங்களுக்கு என்ன செலவு வைக்கிறது என்று அது சொல்லும், ஒரு பொருளின் அளவுக்கு நேரடியாக வைத்த வரம்புக்கு மட்டும் அதே எண் ரெட்யூஸ்ட் காஸ்ட் என்கிற பத்தியில் இருக்கும். உங்கள் கணக்கில் தவிட்டு வரம்பை 30-லிருந்து 31 ஆக்கினால் 100 கிலோவுக்கு 4 ரூபாய் 33 காசு மிச்சம். தேங்காய்ப் புண்ணாக்கு வரம்பை ஒரு கிலோ கூட்டினால் வெறும் 67 காசு. நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வது புண்ணாக்கு விலையைப் பற்றி, பணம் இருப்பதோ தவிட்டில். தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தால் இன்னும் இரண்டு மூன்று கிலோ தின்னுமா என்று பாருங்கள். புரதத்தை 20-லிருந்து 21 ஆக்குவதற்கு 67 ரூபாய் ஆகும், அதனால் பால் கூடாத மாட்டுக்குப் புரதம் ஏற்றுவது வீண் செலவு.

அப்புறம், நீங்கள் பொள்ளாச்சியிலும் வாங்குவீர்கள், பாலக்காட்டுச் சித்தூரிலும் வாங்குவீர்கள். ஒரே பொருளானாலும் இரண்டு ஊரையும் தனித்தனிப் பத்தியாகப் போட்டு, வண்டி வாடகையைக் கிலோ விலையில் சேர்த்துவிடுங்கள், எங்கே வாங்குவது என்பதையும் கணக்கே சொல்லிவிடும்.

கடலைப் புண்ணாக்கில் மட்டும் கவனம். பூஞ்சை பிடித்ததை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், அதன் அஃப்ளடாக்சின் நஞ்சு பாலில் இறங்கும். புதுக் கலவைக்கு ஒரே நாளில் மாறாமல் ஒரு வாரம் பத்து நாளில் பழையதைக் குறைத்துக் குறைத்து மாற்றுங்கள், அந்த நாட்களில் பால் அளவையும் தொட்டியில் மிஞ்சுகிற தவிட்டையும் எழுதி வையுங்கள். 30 என்று நான் வைத்த வரம்பை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.