சூடாகும் கிரிப் மேல் ஃபோம் உறை: கருகினால் யார் பொறுப்பு?

கேள்வி: குன்னூரிலிருந்து தினமும் விடியற்காலையில் ஊட்டிக்கு பைக்கில் வேலைக்குப் போகிறேன். பனிக்காலத்தில் விரல்கள் மரத்துப்போவதால், கோவையில் ஒரு கடையில் சூடாகும் ஹேண்டில் கிரிப் வாங்கி அங்கேயே பொருத்திக்கொண்டேன். கை வலித்ததால் அதன்மேல் ஃபோம் உறை மாட்டினேன். நான்கு மாதத்தில் இடது கிரிப் உருகி, ஹெட்லைட் பக்கம் போகும் வயரிங்கும் கருகிவிட்டது. ஃபோம் போட்டதுதான் காரணம் என்கிறது கடை. வெளியில் வயரிங் செய்ததால் வாரண்டியே கிடையாது என்கிறது ஷோரூம். போதாததற்கு, இது சட்டவிரோத மாற்றம், 5,000 ரூபாய் அபராதம் என்று வாகனச் சோதனையில் எச்சரித்தார்கள். எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், கருகிய கிரிப், ஃபோம், வயர், ஃபியூஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. பைக்கைப் பழுதுபார்க்கும் முன் எந்த இடத்தில் வயர் கருகியிருக்கிறது என்று தெரியும்படி படம் எடுத்துவையுங்கள்.

அபராதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொன்னது. 5,000 ரூபாய் என்பது 182ஏ(4) பிரிவில் வருவது. ஆனால் 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அமைப்பில் செய்யும் மாற்றம் என்று அதே 52-ஆம் பிரிவு விளக்குகிறது. சூடாகும் கிரிப்பும் அதன்மேல் போட்ட உறையும் அதில் வராது என்பதே என் கருத்து.

சரி, கடைக்கு வருவோம். கிரிப் உருகியதையும் வயர் கருகியதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் அவர்களுக்கு வசதி. நீங்கள் இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.

ஃபோம் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே சூடு தேங்கும். கையில் சூடு தெரியவில்லையே என்று நாமும் உச்ச அளவில் வைத்துவிடுவோம். ஆகவே கிரிப் உருகியதில் ஃபோமுக்குப் பங்கு இருக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 87-ஆம் பிரிவின்படி, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்பனையாளர்மீது பொருள் பொறுப்பு நடவடிக்கை (பொருளால் வந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) எடுக்க முடியாது. கடை இதைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது: "மேலே உறை போடக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" அட்டைப்பெட்டியிலும் கையேட்டிலும் தேடிப் பாருங்கள். எச்சரிக்கையே இல்லை என்றால் 84-ஆம் பிரிவில் தயாரிப்பாளர் மாட்டுவார். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையைக் கடை உங்களிடம் சேர்க்கவில்லை என்றால் 86-ஆம் பிரிவில் கடை பதில் சொல்ல வேண்டும். தெளிவாக எழுதியிருந்து, அதை மீறி உறை போட்டிருந்தால் கிரிப்பின் விலையை மறந்துவிடுங்கள்.

வயர் விஷயம் வேறு. கிரிப்பின் மேல் ஃபோம் போடுவதால் வயரில் ஓடும் மின்சாரம் அதிகமாகிவிடாது. இந்தவகை கிரிப்புகள் பொதுவாக 3, 4 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். கிரிப் உருகி உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும், சரியான ஃபியூஸ் இருந்தால் வயர் கருகுமுன் அது போயிருக்க வேண்டும். ஃபியூஸே போடாமல் ஹெட்லைட் வயரைச் சீவி இணைத்தார்களா, தேவைக்கு மேல் பெரிய ஃபியூஸ் போட்டார்களா என்று வேறொரு நல்ல எலெக்ட்ரீஷியனிடம் காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அப்படி இருந்தால் அது பொருத்தியவரின் சேவைக் குறைபாடு. ஃபோமைக் காட்டி அவர் தப்பிக்க முடியாது. வயரிங் மாற்றிய செலவைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

ஷோரூம் விஷயத்தில் நப்பாசை வேண்டாம். வெளி வயரிங்கால் வந்த சேதத்துக்கு அவர்கள் மறுப்பது எடுபடும். ஆனால் நாளை எஞ்சினில் கோளாறு வந்தால் இதையே சாக்குச் சொல்ல விடாதீர்கள். எந்தப் பாகத்துக்கு, எந்த நிபந்தனையின் கீழ் வாரண்டி மறுக்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைக்கு ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். அசையவில்லை என்றால் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கடை கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்கலாம், அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பழைய கிரிப்பைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வலது கிரிப்பில் இன்னும் ஃபோம் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். அது ஆக்ஸிலரேட்டர். உறை நழுவி ஓரத்தில் உரசினால், கையை விட்டாலும் திரும்பாமல் சிக்கலாம். குன்னூர் மலைப்பாதையின் வளைவில் அப்படி நடந்து யாருக்காவது அடிபட்டால், கவனக்குறைவு உங்களுடையது என்றுதான் வழக்கு வரும். அங்கே கடையைக் காட்டித் தப்புவது மிகக் கடினம்.