குடியிருப்புப் பிள்ளைகளை வைத்துக் கூட்டுத் தோட்டம் போட்டால் நிலைக்குமா?

"எங்கள் குடியிருப்பில் காலி இடம் கிடக்கிறது. பிள்ளைகளைச் சேர்த்துக் காய்கறித் தோட்டம் போட நினைக்கிறோம். வெளிநாடுகளில் செய்வதுபோல் இங்கேயும் நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நடக்கும். ஆனால் அவர்கள் காலண்டரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் 1991-இல் தொடங்கிய 'தி ஃபுட் ப்ராஜெக்ட்' பதின்வயதுப் பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்தே வேலைக்கு எடுக்கிறது. கோடை விடுமுறையில் வயலில் இறங்குகிறார்கள்; விளைந்ததைச் சந்தையில் விற்பதிலும் அவர்கள் பங்கு உண்டு. அங்கே கோடைதான் விளைச்சல் காலம், பள்ளிக்கும் அப்போதுதான் லீவு. நமக்கு நேர்மாறு. சித்திரை வெயிலில் கீரைப் பாத்தி கருகும், போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிடும். மே மாத லீவில் ஆசையாக ஆரம்பிக்கிற தோட்டங்கள் பள்ளி திறப்பதற்குள் காய்ந்துபோவது இதனால்தான்.

மதுரையில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஆடிப் பட்டத்தில் விதைக்கிறோம். மாசியில் பொதுத்தேர்வு நெருங்கும்போது முடித்துக்கொள்கிறோம். கோடை முழுக்க காய்ந்த இலைதழையால் மண்ணுக்கு மூடாக்கு போட்டு ஓய்வு.

முதலில் கீரை மட்டும் போடுங்கள். முளைக்கீரை மூன்று, நான்கு வாரத்தில் பிடுங்கலாம்; அதற்குமேல் காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. கத்தரி, தக்காளியெல்லாம் இரண்டாவது சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் பிளாக்கில் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்த ஒரு அப்பத்தா இருக்கிறார். பொடி விதையை ஆத்து மணலோடு கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது, எறும்பு இழுக்காமல் ஓரத்தில் சாம்பல் போடணும் என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தார். எந்த வீடியோவையும்விட அவர் சொன்னதைத்தான் பிள்ளைகள் கேட்டார்கள். உங்கள் குடியிருப்பிலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார், தேடிப் பிடியுங்கள்.

பெற்றோரிடம் பேசுவதுதான் பெரிய வேலை. "நாங்க வெயில்ல காய்ஞ்சது பத்தாதா சார், படிக்கிற புள்ள கையில மம்பட்டியக் குடுக்குறீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். அந்த வலி நியாயமானது. காட்டை விட்டு ஊரைவிட்டு வந்த குடும்பம் அது. அவரோடு வாதாடிப் பயனில்லை. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கு நோட்டை அவளிடம் கொடுத்தோம். விதைச் செலவு, எத்தனை கட்டு, யார் வீட்டில் பாக்கி என்று அவள் எழுதி வைத்ததை அந்த அம்மாவே புரட்டிப் பார்த்தார். பிறகு தடுக்கவில்லை.

காசைப் பிள்ளைகள் கையில் விடுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கூலியாகக் கொடுக்கக் கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். கீரை விற்ற பணம் பொதுப் பெட்டிக்குப் போகட்டும், எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்களே கூடி முடிவு செய்யட்டும். இயற்கையைக் காப்பாற்றுவோம் என்ற பேச்சுக்கு வந்த பிள்ளை இரண்டாம் வாரம் வரமாட்டான். தன் பாத்திக் கீரையை நாலாவது மாடி அத்தை காசு கொடுத்து வாங்கிய பிள்ளை விடிகாலையிலேயே வந்து நிற்பான். நேரமும் காலைதான் நல்லது. இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை அனுப்ப வீடுகளில் யோசிப்பார்கள்.

மண்ணைப் பாருங்கள். கட்டட இடிபாடு கொட்டிய இடமென்றால் தோண்டிப் போராடாமல், செம்மண்ணும் மக்கிய சாணமும் போட்டு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். பாஸ்டனிலும் பழைய பெயின்ட்டிலிருந்த ஈயம் (lead) என்ற நச்சு உலோகம் மண்ணில் கலந்திருப்பதால் பல இடங்களில் மேட்டுப்பாத்தியில் வளர்க்கிறார்கள். பக்கத்தில் பேட்டரிக் கடையோ பெயின்ட் பட்டறையோ இருந்த இடமென்றால் அங்கே கீரை வேண்டவே வேண்டாம்.

அசோசியேஷனிடம் வாய்ப்பேச்சாக இல்லாமல் கடிதமாக அனுமதி வாங்குங்கள். மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சண்டை வந்தால் பெரும்பாலும் அதில்தான் வரும்.