அப்பா கொடுக்காத ஐம்பது ரூபாய்

அன்புள்ள அண்ணா,

உடுமலை பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் புலிக்குத்திக் கற்களை, அதாவது புலியோடு சண்டைபோட்ட வீரர்களுக்கு நட்ட நடுகற்களை, படம் எடுத்து, பெரியவர்களிடம் விசாரித்து, என் தளத்தில் எழுதிவருகிறேன். சமீபத்தில் ஒரு யூடியூப் சேனல் என் கட்டுரை ஒன்றை வரிக்கு வரி இயந்திரக் குரலில் வாசித்து, படங்களின் ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு வெளியிட்டிருக்கிறது. அந்தக் கல் 16ஆம் நூற்றாண்டை ஒட்டியதாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். அவர்கள் '2000 ஆண்டு பழைமையான சங்ககால வீரன்' என்று மாற்றிவிட்டார்கள். கேட்டதற்கு, "தமிழ் பொதுச்சொத்து. பாரதியையே நாட்டுடைமை ஆக்கினோம், நீங்கள் என்ன அவரைவிடப் பெரியவரா?" என்று பதில் வந்தது. அதே கட்டுரை 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டது. போன வாரம் அந்த ஊருக்குப் போனால், "எங்க கல்லு ரெண்டாயிரம் வருசம் டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள்.

இன்னொன்று. ஒரு கல்லூரி மாணவர் என் கட்டுரையைப் படித்து, அதே கல்லைத் தேடிப் போய், தானே படம் எடுத்து எழுதி, கடைசியில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார். அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

வலது கிளிக்கைத் தடுக்கலாமா? கட்டுரைகளை எழுத்தாக இல்லாமல் படமாகப் போடலாமா? பதிவு செய்ய வேண்டுமா? ஏஐ நிறுவனங்கள் எடுப்பதை எப்படித் தடுப்பது? இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? (என் பெயர் வேண்டாம் அண்ணா, முதலெழுத்து போதும்.)

க.

அன்புள்ள க.,

பெயரை வெட்டிவிட்டார்கள் என்று எழுதிய கடிதத்திலேயே பெயரைப் போடாதீர்கள் என்கிறீர்கள். நீங்களே கேட்டதால் வெட்டியிருக்கிறேன்.

முதலில் அந்த மாணவர். அவர் என்ன தப்பு செய்தார்? உங்களைப் படித்தார், வெயிலில் அலைந்தார், தன் கையால் படம் எடுத்தார், தன் வார்த்தையில் எழுதினார், நன்றியும் சொன்னார். கல் உங்களுடையதா அம்மணி? ஊரில் நிற்கிற கல்லுக்கும், அது எங்கே இருக்கிறது என்ற தகவலுக்கும் யாரும் பட்டா போட முடியாது. கருத்துக்கும் தகவலுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றமே 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் எழுதியதற்குக் கிடைத்த முதல் பலன் அந்தப் பையன். சேனல்காரரையும் அவரையும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே உங்களைத் திட்டலாம். அவருக்கு இன்றைக்கே நாலு வரி எழுதிப் போடுங்கள்.

வலது கிளிக்கைத் தடுப்பது வீண் வேலை. உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் அது போய்விடும். அதுகூட வேண்டாம், திரையைப் படம் பிடித்துக் கூகுள் லென்ஸில் காட்டினால் தமிழ் எழுத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இதில் மாட்டிக்கொள்ளப் போவது ஒரு வரியை நண்பருக்கு மேற்கோள் காட்ட நினைக்கிற நல்ல வாசகர்தான்.

கட்டுரையைப் படமாகப் போடுவதா? வேண்டவே வேண்டாம். கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பான் வைத்துக்கொண்டு நம்மைப் படிக்கிறார்கள். என் வாசகர்களிலேயே இருக்கிறார்கள், அவர்கள் எழுதும் கடிதங்கள் மற்றவை எல்லாவற்றையும்விட நிதானமானவை. எழுத்தைப் படமாக்கினால் அந்த மென்பொருளுக்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு திருடனுக்குப் பயந்து அவர்கள் முகத்தில் கதவைச் சாத்துவீர்களா?

பதிவு கட்டாயமில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அது உங்கள் வாரிசுகளுக்கு இருக்கும். கையில் ஒரு சான்றிதழ் வேண்டும் என்றால் 500 ரூபாய் கட்டிப் பதிந்துகொள்ளுங்கள், வழக்கு வந்தால் உதவும். ஏஐ விவகாரத்துக்கு ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்ற சிறு கோப்பில், இன்ன எந்திரங்கள் உள்ளே வரவேண்டாம் என்று எழுதி வைக்கலாம். 1994இலிருந்து இருக்கிற வழக்கம் இது. ஓப்பன்ஏஐ கூடத் தன் எந்திரத்தை இப்படித் தடுக்கலாம் என்று 2023இல் அறிவித்தது. ஆனால் அது 'நாய் ஜாக்கிரதை' பலகை மாதிரி, படித்து மதிக்கிறவர்களைத்தான் நிறுத்தும். வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஏஐ நிறுவனங்கள் மீது எழுத்தாளர்கள் போட்ட வழக்குகளெல்லாம் நடந்துகொண்டிருக்கின்றன, தீரட்டும், அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது இதெல்லாம் இல்லை. "எங்க கல்லு ரெண்டாயிரம் வருசம் டீச்சர்" என்று ஊர்க்காரர்கள் உங்களுக்கே பாடம் சொன்னார்களே, அது.

என் அப்பா ராசிபுரம்–சேலம் தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவரைப் பற்றி இங்கே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன், பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியைக் கிறுக்கிக் கொடுப்பார். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பலர் மறந்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். அப்பா கூப்பிட்டுக் கொடுக்கிற ரகம் இல்லை. கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் அது தோல்பைக்குள்ளேயே தங்கிவிடும். ராத்திரி கலெக்ஷனைக் கட்டிய பிறகு கையில் நிற்கிற அந்தக் காசில்தான் எங்கள் வீட்டுக்கு வாரப்பத்திரிகைகள் வந்தன. நான் வாசிக்கப் பழகியது ஊர்பேர் தெரியாத பயணிகளின் எட்டணாவிலும் ஒரு ரூபாயிலும் என்பதுதான் கட்டுரை. அப்பாவை நல்லவர் என்றும் எழுதவில்லை, கெட்டவர் என்றும் எழுதவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அது எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கு வந்தது. அனுப்பியவர் சித்தப்பா. தலைப்பு, வேறென்ன, 'படித்ததில் பிடித்தது'. என் பெயரைக் காணோம். அப்பாவின் பெயரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். முதல் நான்கு பத்தியும் என்னுடையதுதான், ஒற்றுப்பிழை உட்பட. ஐந்தாவது பத்தியில் ஒரு கிழவி வருகிறாள். ஐம்பது ரூபாய் பாக்கியை வாங்காமல் இறங்கிப் போகிறாள். அப்பா விசில் அடித்து பஸ்ஸை நிறுத்துகிறார், பின்னாலேயே ஓடுகிறார், கிழவியின் கையில் பணத்தைத் திணிக்கிறார். கிழவி அழுகிறாள். அப்பாவும் அழுகிறார். 'நேர்மையாக வாழ்வோம். பிடித்திருந்தால் பகிரவும்.' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அத்தை போன் செய்து அழுதார். "அண்ணன் இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே கண்ணு." அப்படி ஒன்று நடக்கவே இல்லை அத்தை, அதை எழுதியவனே நான்தான், கிழவியை யாரோ சேர்த்துவிட்டார்கள் என்றேன். "நீ அப்ப சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்" என்றார். அந்த வருடத் திதியன்று, சாப்பாட்டுக்கு முன்னால், சித்தப்பா அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். என் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்டார்கள். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் அப்பா என்றால் கிழவிக்குப் பின்னால் ஓடியவர். பாக்கிக் காசில் எனக்குப் பத்திரிகை வாங்கிவந்தவரை நான் ஒருவன்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் இருந்திருந்தால், "அந்தக் கெழவி எந்த ஸ்டாப்புல எறங்குச்சாம்?" என்று கேட்டிருப்பார். அந்தக் காலத்தில் யாராவது ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டியிருந்தால் பஸ்ஸை விட்டே இறக்கிவிட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

என் கட்டுரையை அப்படியே எடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்திருக்கும், உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்திருக்கும். ஆனால் பெயரை எடுத்ததால்தான் கிழவி உள்ளே நுழைய முடிந்தது. பெயர் இருந்தால் யாராவது ஒருவர் எனக்கு எழுதி, இது உண்மையா என்று கேட்டிருப்பார். பெயர் இல்லாத எழுத்தை யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் 16ஆம் நூற்றாண்டு சங்ககாலம் ஆனதும் இப்படித்தான். உங்கள் பெயர் அங்கே இருந்திருந்தால் பார்த்தவர்களில் யாராவது உங்களிடம் வந்து, எதை வைத்துச் சொல்கிறீர்கள் டீச்சர் என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் உடை, கொண்டை, செதுக்கிய முறை என்று காரணம் சொல்லியிருப்பீர்கள். எழுதியதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதைத்தான் அவர்கள் வெட்டி எறிந்தார்கள்.

நம் சட்டம் இதைப் புரிந்துவைத்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பதிப்புரிமையை முழுசாக விற்றுவிட்டால்கூட எழுதியவரிடம் இரண்டு உரிமைகள் மிஞ்சுகின்றன. இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்வது ஒன்று. தன் மதிப்பைக் கெடுக்கிற மாதிரி அதைத் திரித்தாலோ சிதைத்தாலோ தடுப்பதும் நஷ்ட ஈடு கேட்பதும் இன்னொன்று. ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்காதீர்கள். தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்று இருந்தது. காசு கொடுத்துச் செய்யச் சொன்னது அரசு, சொத்தும் அரசுடையது. 1979இல் அதே அரசு அதைச் சுவரிலிருந்து பெயர்த்துக் கிடங்கில் போட்டது, சிற்பம் சிதைந்துபோனது. சேகல் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் போட்டது. காசு கொடுத்து வாங்கிய அரசுக்கே இந்தக் கதி. காசே கொடுக்காத சேனல்காரருக்கு என்ன வந்தது?

அவர் பாரதியை வேறு இழுத்திருக்கிறார். இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பாரதி பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை சினிமா தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. பாரதி மக்களுக்குச் சொந்தம் என்று பலரும் குரல் கொடுத்த பிறகு, 1949இல் சென்னை அரசு உரிமைகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தது, குடும்பத்துக்கும் பணம் கொடுத்தது. இன்றும் தமிழக அரசு ஒருவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கினால் வாரிசுகளுக்குத் தொகை தருகிறது. அதாவது கேட்டு வாங்குகிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துப்போவதை யாரும் நாட்டுடைமை என்று சொல்வதில்லை. சரி, நாட்டுடைமை ஆன பாரதியின் பாட்டை யாராவது அவர் பெயரை எடுத்துவிட்டு அச்சடிக்கிறார்களா? 'பாப்பா பாட்டு, படித்ததில் பிடித்தது' என்று போடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பெயர் விஷயத்தில் நம் பழைய ஆட்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள்! குறுந்தொகை 40ஆம் பாட்டு யார் பாடியது என்று தொகுத்தவர்களுக்குத் தெரியவில்லை. வெறுமனே விட்டார்களா? பாட்டில் வரும் செம்புலப் பெயல்நீரையே எடுத்துச் செம்புலப் பெயனீரார் என்று கூப்பிட்டார்கள். தேய்ந்த பழங்கயிற்றைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆனார், ஓரேர் உழவனைப் பாடியவர் ஓரேருழவர். தெரியாத பெயரை இட்டுக்கட்டியாவது ஆளை நிறுத்தினார்கள். சங்ககாலம், சங்ககாலம் என்று கூவுகிற சேனல், கண்ணெதிரே தெரிகிற பெயரைக் கத்தரித்து எறிகிறது.

என்ன செய்வது என்று கேட்டீர்கள் இல்லையா. யூடியூபில் பதிப்புரிமைப் புகாருக்கென்றே படிவம் இருக்கிறது. உங்கள் கட்டுரையின் சுட்டி, அவர் வீடியோவின் சுட்டி, உங்கள் உண்மையான பெயர், முகவரி (ஆமாம், இங்கேயாவது பெயரைக் கொடுங்கள்). படங்களின் அசல் கோப்புகளைக் கேமராவிலிருந்து வந்தபடியே தனியாக எடுத்து வையுங்கள். புகார் நின்றால் வீடியோ போகும், இப்படி மூன்று அடி வாங்கினால் சேனலே போகும். அவர் எதிர்மனு போட்டால் 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடுத்ததைக் காட்ட வேண்டியிருக்கும், அதற்குத் தில்லிக்கெல்லாம் அலைய வேண்டாம், 62ஆம் பிரிவின்படி உங்கள் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். அப்படியும் அவர் பாரதி பேசினால், 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு இலக்கியப் பேச்சு நின்றுவிடும்.

வாட்ஸப்பை ஒன்றும் செய்ய முடியாது. பெயரை ஓரத்தில் போடாமல் கல்லின் மேலேயே குறுக்கே விழுகிற மாதிரி போடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வெட்டினால் கல்லும் சேர்ந்து போகும். கட்டுரைக்குள்ளும் நீங்கள் வாருங்கள். 'கல் காணப்படுகிறது' என்று தொல்லியல் அறிக்கை பாஷையில் ஒளிந்துகொள்ளாதீர்கள். யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று எழுதுங்கள். அப்படிப்பட்ட எழுத்திலிருந்து ஆளைப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்கிற பேச்சு மட்டும் வேண்டாம். நீங்கள் எடுத்தால் உங்கள் 16ஆம் நூற்றாண்டுதான் காணாமல் போகும், அவருடைய 2000 வருடம் அங்கேயேதான் இருக்கும். நாளைக்கு அந்த மாணவரைப் போல ஒருவர் தேடினால் அது ஒன்றுதான் கிடைக்கும்.

இருக்கட்டும், அந்தக் கட்டுரையில் மூன்றாவது படத்தில், வீரனின் காலடியில் சின்னதாக ஒன்று தெரிகிறதே, அது நாயா, புலிக்குட்டியா? நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது சாய்ந்த வெயிலில் இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.